கடலின் பேரேட்டைச் சரிபார்ப்பவர் யார்?

(இளம் அறிவியல், இயற்பியல் – மூன்றாம் ஆண்டு)

காரைக்குடியில் கடல் இல்லை. கண்மாய் உண்டு, ஊருணி உண்டு, செம்மண் பொட்டலும் உண்டு. இப்படிப்பட்ட ஊரின் கல்லூரி மலரில் கடலைப் பற்றி ஒரு கட்டுரையா என்று கேட்பார் கேட்கலாம். அவர்களுக்கு என் பணிவான விடை இது: செட்டிநாட்டைப் போலக் கடலோடு வரவு செலவு வைத்துக்கொண்ட உள்நாட்டுப் பகுதி தமிழகத்தில் வேறொன்று இருப்பது அரிது.

நம் ஊர் வளவுகளைத் தாங்கி நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்கள் வங்கக் கடலைக் கடந்து வந்தவை. கொண்டுவிக்கப் போன நம் பகுதி வணிகர்கள் இரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் கப்பலேறியே போனார்கள். காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் கண்ட அச்சத்தால்தான் இங்கே வந்த பின்னும் வீட்டைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டினார்கள் என்று ஒரு செவிவழிச் செய்தி கூட உண்டு. பழங்கதையை விடுங்கள். இன்று நம் கண்மாய்கள் நிறைவதும் வற்றுவதும் வடகிழக்குப் பருவமழையின் கையில் இருக்கின்றன. அந்த மழையின் ஈரம் வங்கக் கடலிலிருந்து வருகிறது. தேவகோட்டை வழியாகப் பேருந்தில் சென்றால் தொண்டிக் கடற்கரை இரண்டு மணி நேரப் பயணம் கூட இல்லை. கடல் நமக்கு அயலார் அல்ல; அடுத்த தெருக்காரர்.

அந்த அடுத்த தெருக்காரரின் நலம் விசாரிக்க உலகம் இன்று பெருமுயற்சி எடுத்து வருகிறது. கடலின் வெப்பம், உப்பு, அலை, நீரோட்டம், காற்று, மட்டம் ஆகியவற்றை இரவு பகலாக அளந்து எண்களாக அனுப்பும் கருவிகள் கடலெங்கும் உள்ளன. இந்த எண்களுக்கு மூன்று நிலைகள் உண்டு. முதல் நிலை, சேர்த்தல். இரண்டாம் நிலை, சரிபார்த்தல். மூன்றாம் நிலை, உரியவர் கையில் ஒப்படைத்தல். முதல் நிலைக்குப் புகைப்படமும் விழாவும் உண்டு. இரண்டாம் நிலையைக் காண்பாரில்லை. மூன்றாம் நிலையை நினைப்பாரும் குறைவு. ஆனால் உயிரைக் காப்பதும் உண்மையைக் காப்பதும் பின்னிரண்டு நிலைகளே என்பது என் கருத்து. அந்தப் பின்னிரண்டு பணிகளுக்கும் நம்மைப் போன்ற கலைக் கல்லூரிகள் தோள் கொடுக்க முடியும் என்பதும் என் கருத்து. இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரவு

கடலை அளப்பது புதிய பழக்கமன்று. 19ஆம் நூற்றாண்டில் பல கப்பல்களில் நாள்தோறும் காற்றின் திசை, காற்றழுத்தம், நீரின் வெப்பம், கப்பல் இருக்கும் இடம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தார்கள். கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்பவர், வங்கக் கடற் புயல்களில் அகப்பட்ட கப்பல்களின் குறிப்பேடுகளைத் தேடித் திரட்டி ஒன்றோடொன்று ஒப்பிட்டார். காற்று ஒரு மையத்தைச் சுற்றிச் சுழல்வதை அந்தக் குறிப்புகளைக் கொண்டே எடுத்துக் காட்டினார். சைக்ளோன் என்னும் சொல்லை 1848இல் வெளிவந்த தம் நூலில் உலகுக்குத் தந்தவர் அவரே. இன்று உலகமெல்லாம் வழங்கும் அந்தச் சொல் பிறந்தது நம் வங்கக் கடலின் எண்களிலிருந்துதான் என்பது நமக்குப் பெருமை.

ஆனால் அவர் வாழ்வில் இன்னொரு செய்தியும் உண்டு. மாட்லா ஆற்று முகத்தில் புதிய துறைமுகம் கட்ட ஆங்கில அரசு திட்டமிட்டபோது, புயலில் பொங்கும் கடல் அவ்விடத்தை அழித்துவிடும் என்று 1853இல் ஆளுநர் தலைவருக்கு எழுதி எச்சரித்தார். எச்சரிக்கை ஏற்கப்படவில்லை. கானிங் துறைமுகம் எழுந்தது. 1867ஆம் ஆண்டுப் புயல் அதைச் சிதைத்தது. அப்போது பிடிங்டன் உயிரோடு இல்லை. எண் இருந்தது, ஆய்வும் இருந்தது, கேட்கும் செவிதான் இல்லை.

கப்பற் குறிப்பேட்டுக்கு இயல்பாகவே ஒரு குறை உண்டு. கப்பல் வணிகப் பாதையில் மட்டுமே செல்லும். மற்ற கடல் வெறுமையாகக் கிடக்கும். புயல் என்று கேள்விப்பட்டால் கப்பல் விலகி ஓடும். எங்கே அளவு மிகத் தேவையோ அங்கே அளப்பதற்கு ஆள் இராது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைப் புயல் விழுங்கியபோது, பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் இரயிலும் அதிலிருந்தவர்களும் கடலுக்கு இரையானார்கள். நம் பகுதிப் பெரியவர்கள் இன்றும் அந்த இரவைப் பற்றிப் பேசுகிறார்கள். வங்கக் கடலில் நங்கூரமிட்டு நின்று அளவெடுத்து அனுப்பும் மிதவை ஒன்று கூட அன்று நம்மிடம் இல்லை.

இன்று நிலைமை வேறு. சென்னையில் 1993இல் தோன்றிய தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், ஆழ்கடலில் மிதவைகளை நங்கூரமிட்டு நிறுத்தியிருக்கிறது. அவை காற்று, அழுத்தம், அலை, நீரின் வெப்பம் ஆகியவற்றை அளந்து செயற்கைக் கோள் வழியாக அனுப்புகின்றன. புயல் வந்தாலும் அவை ஓடிப் போவதில்லை. ஓட முடியாதவாறு கட்டப்பட்டவை. துறைமுகங்களில் கடல் மட்டத்தை அளக்கும் கருவிகள் உள்ளன. கடலடியில் நீரின் அழுத்தத்தை அளந்து சுனாமியை உணரும் கருவிகள் உள்ளன. வானிலிருந்து செயற்கைக் கோள்கள் பார்க்கின்றன.

இவற்றினும் வியப்பானவை ஆர்கோ மிதவைகள். ஓர் ஆள் உயரமுள்ள உருளைகள். கடலில் இட்டால் 1000 மீட்டர் ஆழத்துக்கு அமிழ்ந்து நீரோட்டத்தோடு மிதந்து செல்லும். பத்து நாளுக்கொரு முறை 2000 மீட்டர் ஆழம் வரை இறங்கி, வெப்பத்தையும் உப்பையும் அளந்துகொண்டே மேலே வரும். செயற்கைக் கோளுக்குச் செய்தி அனுப்பிவிட்டு மீண்டும் மூழ்கும். இப்படி ஏறத்தாழ 4000 மிதவைகள் உலகக் கடல்களில் உள்ளன. பல நாடுகள் சேர்ந்து இவற்றை விட்டிருக்கின்றன. இந்தியாவும் அவற்றுள் ஒன்று. கிடைக்கும் எண்கள் அனைத்தும் உலகோர் அனைவருக்கும் இலவசம். இணையம் உள்ள எந்த மாணவரும் எடுத்துக்கொள்ளலாம். யாரிடமும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை.

இந்தியக் கடற் பகுதியின் எண்கள் வந்து சேருமிடம் எது தெரியுமா? 1999இல் தொடங்கப்பட்ட இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம். இன்காய்ஸ் என்பது அதன் சுருக்கப் பெயர். அது இருக்கும் ஊர் ஐதராபாத். அங்கும் கடல் இல்லை! கடலில்லா ஊர்க்காரர் கடலைப் பற்றிப் பேசலாமா என்று ஐயுறுவோர் இதைச் சிந்திக்கட்டும்.

சரிபார்ப்பு

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது பழமொழி. கடலில் போட்ட கருவி தரும் எண்ணையும் அளந்துதான் எடுக்க வேண்டும்.

நம் பகுதியின் பழைய வட்டிக்கடை நிருவாகத்தை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் முதலில் கற்றது கொடுக்கல் வாங்கலை அன்று, கணக்கைக் கற்றான். அடுத்தாள் எழுதியதை மேலாள் பார்த்தார். அயல்நாட்டுக் கடையின் ஐந்தொகை கப்பலேறி ஊருக்கு வந்தது. இங்கிருந்த முதலாளி அதை வரி வரியாகப் படித்தார். காலணா இடித்தாலும் விளக்கம் கேட்டு மடல் போகும். இரங்கூன் கடையைக் காரைக்குடியில் இருந்துகொண்டே நடத்த முடிந்தது என்றால், அதற்குக் காரணம் சரிபார்த்த கணக்கே.

கடலில் உள்ள கருவியும் தொலைதூரக் கடை போன்றதே. ஆர்கோ மிதவையை ஒருமுறை விட்டால் பெரும்பாலும் மீண்டும் எடுப்பதில்லை. ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து "சரியாக இருக்கிறாயா?" என்று சோதிக்க முடியாது. அதன் மீது பாசி படியும். உப்புணரி மெல்ல மெல்லப் பிழையாகும். கடல்நீர் உலோகத்தை என்ன செய்யும் என்பதைக் காரைக்குடிக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1953இல் திறக்கப்பட்ட நம் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், மண்டபத்தில் நிலையம் அமைத்துக் கடலோர அரிமானத்தை நெடுங்காலமாக ஆராய்ந்து வந்திருக்கிறது.

ஆகவே எண் வந்தவுடன் சோதனைகள் தொடங்குகின்றன. நாள் சரியா? இடம் சரியா? மிதவை நிலத்தின் மேல் நிற்பதாகக் காட்டுகிறதா? முந்தைய இடத்திலிருந்து இந்த இடத்துக்கு வர, கப்பலை விட வேகமாக ஓடியிருக்க வேண்டுமா? வெப்பம் அந்தக் கடலுக்குப் பொருந்துகிறதா? கனமான நீர் மேலேயும் இலேசான நீர் கீழேயும் இருப்பதாகக் காட்டுகிறதா? ஓர் எண் மட்டும் மற்றவற்றிலிருந்து ஊசி போலத் துருத்திக்கொண்டு நிற்கிறதா? அளவு மாறாமல் ஒரே எண்ணே திரும்பத் திரும்ப வருகிறதா? இவற்றை ஒரு நாளுக்குள் கணிப்பொறி பார்த்துவிடும். பிறகு பல மாதங்கள் கழித்து, பயிற்சி பெற்ற அறிஞர் ஒருவர் அக்கம் பக்கத்து மிதவைகளோடும் கப்பலில் சென்று அளந்த எண்களோடும் ஒப்பிட்டு மீண்டும் சோதிப்பார்.

ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு குறி இடுவார்கள். 1 என்றால் நல்லது. 2 என்றால் நல்லதாக இருக்கலாம். 3 என்றால் பிழையாக இருக்கலாம். 4 என்றால் பிழை. இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பிழையான எண்ணை அழிப்பதில்லை. முதலில் வந்தது வந்தபடியே இருக்கும். திருத்தம் தனியே இருக்கும். பேரேட்டில் சுரண்டி எழுதுபவனை எந்த முதலாளியும் வேலையில் வைத்திருக்க மாட்டார். அடித்துத் திருத்தி, பக்கத்தில் காரணம் எழுதுவதே நேர்மை. அறிவியலும் அதே நேர்மையைத்தான் கேட்கிறது.

இத்தனை கட்டுப்பாடு எதற்கு என்று கேட்கலாம். இரண்டு நிகழ்ச்சிகள் விடை சொல்லும்.

2006இல் அமெரிக்க அறிஞர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். 2003க்கும் 2005க்கும் இடையில் கடலின் மேற்பகுதி குளிர்ந்திருக்கிறது என்றது அது. உலகம் வெப்பமடைகிறது என்று எல்லாரும் சொல்லும்போது கடல் குளிர்வதா என்று பரபரப்பு எழுந்தது. பிறகு அதே அறிஞர்கள் எண்களைத் தோண்டிப் பார்த்தார்கள். ஒரு வகை மிதவைகள் ஆழத்தைத் தவறாகக் குறித்திருந்தன. கப்பலிலிருந்து எறியும் பழைய வகைக் கருவிகளோ வெப்பத்தைச் சற்றுக் கூட்டிக் காட்டியிருந்தன. இரண்டும் சேர்ந்து இல்லாத குளிர்ச்சியைப் படைத்துவிட்டன. அடுத்த ஆண்டிலேயே அவர்கள் திருத்தம் வெளியிட்டார்கள். குளிர்ந்தது கடல் அன்று, கணக்கு!

மற்றொன்று 1945ஆம் ஆண்டைச் சேர்ந்தது. உலகக் கடல் வெப்பப் பதிவில் அந்த ஆண்டு திடீரென ஒரு சரிவு தெரிகிறது. கடலுக்கு அப்படி என்ன நேர்ந்தது? ஒன்றுமில்லை. போர்க்காலத்தில் பெரும்பாலான அளவுகள் அமெரிக்கக் கப்பல்களிலிருந்து வந்தன. அவை இயந்திரத்துக்குள் இழுக்கும் நீரில் வெப்பத்தை அளந்தன. போர் முடிந்ததும் ஆங்கிலக் கப்பல்களின் பங்கு கூடிற்று. அவர்கள் வாளியில் நீரை முகந்து அளந்தார்கள். மேலே தூக்குவதற்குள் வாளி நீர் சற்றுக் குளிர்ந்துவிடும். வாளி மாறியதைக் கடல் மாறியதாகப் படித்துவிட்டோம். இதை அறிஞர்கள் எடுத்துக் காட்டியது 2008இல்தான். அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு வாளி உலகை ஏமாற்றியிருக்கிறது. எண்ணை எழுதினால் மட்டும் போதாது; எதனால், எப்படி அளந்தோம் என்பதையும் எழுத வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பட்டுவாடா

நன்கு சேர்த்து நன்கு சரிபார்த்த எண்ணும் உரியவரைச் சேராவிட்டால் என்ன பயன்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை 6.29க்குச் சுமத்திராவுக்கு அருகே நிலம் நடுங்கியது. தமிழகக் கரையை ஆழிப்பேரலை தொட்டபோது மணி ஏறத்தாழ ஒன்பது. இடையில் இரண்டரை மணி நேரம் இருந்தது. உலகின் நில அதிர்ச்சி நிலையங்கள் எல்லாம் அதிர்ச்சியைப் பதிவு செய்திருந்தன. ஆனால் நாகப்பட்டினத்துக் கரையில் நின்றவரிடம் ஒரு சொல் வந்து சேரவில்லை. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6000க்கு மேற்பட்டோர் மாண்டார்கள்.

அதே காலையில் புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு என்னும் மீனவர் ஊரில் வேறொன்று நடந்தது. அந்த ஊரில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஓர் அறிவு மையம் அமைத்திருந்தது. கடல் நிலவரம் முதலிய செய்திகளை ஊரார்க்கு அறிவிக்க அங்கே ஒலிபெருக்கி இருந்தது. சிங்கப்பூரில் இருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் செய்தியைக் கேட்டுத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் ஒலிபெருக்கியில் அறிவித்து அனைவரையும் மேட்டுக்குக் கூட்டிச் சென்றார்கள். உயிர்கள் தப்பின. கோடிக்கணக்கில் விலையுள்ள கருவி செய்யாததை அன்று ஒரு தொலைபேசியும் ஒலிபெருக்கியும், அவற்றைக் கேட்டுப் பழகிய செவிகளும் செய்தன.

அதன் பின்னர் 2007இல் ஐதராபாத் மையத்தில் இந்தியச் சுனாமி முன்னெச்சரிக்கை நிலையம் எழுந்தது. 2012 ஏப்ரல் 11இல் சுமத்திராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது, அலை பெரிதாக எழவில்லை என்பதைக் கடலடிக் கருவிகளும் மட்டக் கருவிகளும் காட்டின. அன்றே எச்சரிக்கை நீங்கியது. எச்சரிக்கும் எண் மட்டுமன்று, அச்சத்தைத் தீர்க்கும் எண்ணும் தேவை என்பதை அந்நாள் உணர்த்தியது.

புயலிலும் முன்னேற்றம் கண்கூடு. 1999இல் ஒரிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2013இல் அதே கரையைத் தாக்கிய பைலின் புயலும் கொடியதே. ஆனால் இறந்தோர் தொகை நூறைக் கூட எட்டவில்லை. கடலில் எடுத்த அளவு, சரியான முன்னறிவிப்பு, ஊர் ஊராக மக்களை வெளியேற்றிய அரசு ஊழியர் ஆகிய மூன்றும் கைகோத்ததன் பயன் இது.

ஆயினும் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் போதும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் விரைந்து வலுப்பெற்றது. ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன்பிடிக்கும் மீனவர்கள் முன்னரே போய்விட்டிருந்தார்கள். கைபேசியின் அலை கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் எட்டாது. நூற்றுக்கணக்கான மீனவர்கள் திரும்பவில்லை. அதன் பிறகே, செயற்கைக் கோள் வழியாக நடுக்கடலிலும் எச்சரிக்கை பெறும் ஜெமினி என்னும் கருவி 2019இல் வெளியிடப்பட்டது. கண்ணி அறுந்த பின் கட்டியிருக்கிறோம். அறுமுன் கட்டியிருக்க வேண்டும்.

மாணவத் தோழர்களே, இன்னொரு நிகழ்ச்சி நம் வயதினரைப் பற்றியது. 2024 மே 6ஆம் நாள் குமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் மருத்துவ மாணவ மாணவியர் ஐவரை அலை இழுத்துச் சென்றது. ஐவரும் மாண்டார்கள். அன்று அங்கே புயலும் இல்லை, மழையும் இல்லை. பல்லாயிரம் கிலோமீட்டர் தெற்கே எழுந்த புயலின் அலை நாள்கணக்கில் பயணம் செய்து வந்து, தெளிந்த வானத்தின் கீழ் கரையில் திடீரெனப் பொங்கும். கேரள மீனவர் இதற்குக் "கள்ளக்கடல்" என்று பெயரிட்டார்கள். உலக அறிஞர்களும் அப்பெயரையே ஏற்றுக்கொண்டார்கள். அந்த நாள்களில் கள்ளக்கடல் வரும் என்ற எச்சரிக்கையை ஐதராபாத் மையம் முன்னரே வெளியிட்டிருந்தது. எண் இருந்தது, சரிபார்ப்பும் இருந்தது, எச்சரிக்கையும் இருந்தது. ஆனால் கரையில் கால் நனைக்கப் போன படித்த இளைஞர்களை அது தடுக்கவில்லை. கைபேசி இல்லாத மாணவர் இன்று யார்? எல்லாச் செய்தியும் வரும் அதே கைபேசியில் இந்தச் செய்தி மட்டும் ஏன் நம் கண்ணில் படவில்லை? எண்ணிப் பார்க்க வேண்டும்.

மொழியும் ஒரு கருவியே

எச்சரிக்கை வந்தாலும் அது புரியும் தமிழில் வருகிறதா என்பது அடுத்த கேள்வி. அலை உயரம் 2.5 மீட்டர் என்று அறிவிக்கிறார்கள். கேட்பவர் என்ன நினைப்பார்? இன்று வரும் அலைகளில் பெரியது 2.5 மீட்டர் என்றுதானே? அது சரியன்று. வருகிற அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை எடுத்து, அவற்றின் சராசரியையே அந்த எண்ணாகச் சொல்கிறார்கள். சில மணி நேரத்துக்குள் அதைப் போல் ஏறத்தாழ இரு மடங்குள்ள ஓர் அலை வருவது இயல்பு. பாறை மேல் நின்று படம் பிடிப்பவரை இழுத்துச் செல்வது அந்த ஓர் அலையே. இந்தச் செய்தியை ஒரே வரியில், கேட்டவுடன் பதியும் தமிழில் சொல்வது எப்படி? இது கடலியலாரின் வேலை மட்டுமன்று. தமிழ்த் துறையின் வேலையும் ஆகும்.

மீனவரிடம் கடலுக்கென்று ஒரு தமிழ் இருக்கிறது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குப் பெயர். நீரோட்டத்துக்கு நீவாடு என்று பெயர். இச்சொற்களில் வரும் அறிவிப்பை அவர் ஒரு நொடியில் பிடித்துக்கொள்வார். நாம் அறிக்கைத் தமிழில் எழுதி, அவர் கேட்கவில்லை என்று குறை கூறுவது முறையா?

ஆழ்கடல் மிதவைகளை மீனவர் சேதப்படுத்துகிறார்கள் என்று ஒரு முறையீடு உண்டு. அது உண்மையும் கூட. மிதக்கும் பொருளின் அடியில் மீன் கூடும். ஆகவே படகுகள் அங்கே நெருங்குகின்றன. மிதவையில் படகைக் கட்டுவதும் உறுப்புகளைக் கழற்றுவதும் நிகழ்கின்றன. ஒரு மிதவை ஊமையானால் அந்தக் கடற்பகுதியே ஊமையாகிறது. இது தவறுதான், ஆனால் சட்டம் ஒன்றால் மட்டும் இது தீராது. அந்த மிதவை அனுப்பும் எண்ணால்தான் தன் பிள்ளைக்கு நாளை எச்சரிக்கை வரும் என்பதை மீனவருக்கு யார் சொன்னார்கள்? தன் கணக்கு அதில் இருக்கிறது என்று தெரிந்தால் எவரும் பேரேட்டைக் கிழிக்க மாட்டார்கள்.

இனி நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, எண்ணுக்கு மரியாதை செய்யக் கற்போம். செய்முறை வகுப்புகளில் நடப்பதை நாம் எல்லாரும் அறிவோம். ஊசல் ஆடுவதற்கு முன்பே விடை தெரியும். அந்த விடைக்கு ஏற்றவாறு அளவுகள் பின்னால் பிறக்கும். சென்ற ஆண்டு மாணவரின் குறிப்பேடு இந்த ஆண்டு மறுபிறவி எடுக்கும். வந்த அளவை வந்தபடி எழுதியவருக்கு மதிப்பெண் குறைவதும், வளைத்து எழுதியவருக்கு நிறைவதும் எங்கும் உள்ள வழக்கம். பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். இந்த வழக்கத்தில் வளர்ந்த கை நாளை கடலின் எண்ணைச் சரிபார்க்க அமர்ந்தால் என்ன ஆகும்? "என் அளவு மாறி வந்தது, காரணம் இதுவாக இருக்கலாம்" என்று எழுதும் மாணவருக்கு மதிப்பெண் கூட்டிக் கொடுக்கும் நாள் வர வேண்டும்.

இரண்டாவதாக, கல்லூரி வளாகத்தில் ஒரு மழைமானி வைப்போம். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு, வானிலைத் துறை அளக்கும் அதே நேரத்தில் அளப்போம். எவ்வளவு எளிய வேலை! ஆனால் ஓராண்டு தவறாமல் செய்து பாருங்கள். அதன் அருமை தெரியும். விடுமுறையில் அளக்காத நாளுக்குச் சுழி போடக் கூடாது. "அளக்கவில்லை" என்று எழுத வேண்டும். மழை இல்லாமையும் அளவு இல்லாமையும் ஒன்றல்ல. இந்த ஒரு பாடத்தைக் கற்றவர் கடலின் பேரேட்டைத் தொடும் தகுதி பெற்றுவிட்டார்.

மூன்றாவதாக, கணிதம், இயற்பியல், கணிப்பொறி பயிலும் மாணவர்கள் தங்கள் திட்டக் கட்டுரைக்கு ஆர்கோ எண்களை எடுத்துக்கொள்ளலாம். வங்கக் கடலின் வெப்பத்தையும் நம் ஊர் மழையையும் ஒப்பிடலாம். குறிகளோடு எடுத்தால் என்ன விடை, குறிகளைப் புறக்கணித்தால் என்ன விடை என்று பார்ப்பதே ஒரு நல்ல ஆய்வு. ஐயம் வந்தால் கேட்பதற்கு ஆளும் அருகிலேயே உண்டு. அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டியில் இருக்கிறது.

தொண்டிக் கடலுக்கு என்று ஒரு தனித் தேவையும் உண்டு. பாக் நீரிணைப்புக்குத் தென்புறமுள்ள அந்தப் பாக் விரிகுடா மிக ஆழமற்றது. பெரும்பகுதி பதினைந்து மீட்டர் கூட இராது. 2000 மீட்டர் இறங்கும் ஆர்கோ மிதவைக்கு அங்கே இடமில்லை. உலகத்தின் பெரிய வலையில் நம் வாசற் கடல் ஓர் ஓட்டையாக இருக்கிறது. கடற்புல்லும் ஆவுளியாவும் வாழும் அந்தக் கடலை, சிறு படகில் சென்று கையால் அளக்கும் ஆள்கள்தாம் காக்க வேண்டும். அந்த ஆள்கள் சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டக் கல்லூரிகளிலிருந்து வராமல் வேறெங்கிருந்து வருவார்கள்?

நான்காவதாக, நாட்டு நலப்பணித் திட்ட முகாமை ஓராண்டாவது கடற்கரை ஊரில் நடத்துவோம். சொற்பொழிவாற்றப் போக வேண்டாம், கேட்கப் போவோம். எந்த அறிவிப்பு வந்தது, எப்போது வந்தது, புரிந்ததா, பலித்ததா என்று எழுதி வருவோம். பலிக்காத முன்னறிவிப்பைப் பற்றிக் கரையிலுள்ளவர் சொல்வதும் ஒரு தரவே. அதை ஐதராபாத்துக்கு அனுப்புவோம். இதுவரை எண் கடலிலிருந்து கரைக்கு வந்தது. இனிக் கரையிலிருந்தும் கணக்கு திரும்பிப் போகட்டும்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. புதிய கருவி வாங்குவதற்கு உள்ள ஆர்வம், பழைய கருவியைப் பேணுவதற்கும் எண்ணைச் சரிபார்ப்பவருக்கு நிலையான வேலை தருவதற்கும் இருக்க வேண்டும். மிதவையைக் கடலில் இறக்கும் நாளுக்கு விழா எடுக்கிறோம். பத்தாண்டுக் காலம் பிழையின்றி அதன் எண்ணைக் காத்தவரின் பெயர் யாருக்கும் தெரிவதில்லை. கடை திறப்பவரை மட்டும் போற்றிக் கணக்கெழுதுபவரைக் கைவிட்ட நிறுவனம் எதுவும் நிலைத்ததாக நம் பகுதி வரலாற்றில் இல்லை.

தோழர்களே, கடல் நமக்கு நாள்தோறும் கணக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. சரிபார்க்கத் தெரிந்தவர்கள் அதனினும் குறைவு. சரிபார்த்ததைத் தொண்டியில் வலை கட்டும் ஒருவருக்குப் புரியும்படி சொல்லத் தெரிந்தவர்கள் மிகமிகக் குறைவு. கணக்கையே கல்வியாகக் கொண்டு கடல் கடந்தவர்களின் மண்ணில் படிக்கும் நாம், அந்த மூன்றாம் வகையினராக ஆவதற்கு இன்றே தொடங்குவோம்.